கலியாண வஸ்திரம்

ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் ஆராதனை முடிந்து சபையின் பின்கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் வந்து என் கையைப் பிடித்தார். "அடுத்த சனிக்கிழமை பர்ன்ஸ் சப்பர். வருவ இல்ல?" வருவேன் என்றேன். "அப்போ கில்ட் கட்டிக்கிட்டு வா, சன்."

'சன்' என்பது ஸ்காட்லாந்தின் இந்த மேற்குப் பகுதியில் வயதானவர்கள் எந்த இளைஞனையும் கூப்பிடுகிற சொல். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் 'மக்ளே' என்பதைப்போல. அந்த ஒரு சொல்லால்தான் நான் உடனே மறுக்காமல் நின்றேன். "என்கிட்ட கில்ட் கிடையாது" என்று மட்டும் சொன்னேன். "அது ஒரு காரணமா" என்று சிரித்துவிட்டு அவர் பிஸ்கட் தட்டை நீட்டினார்.

ராபர்ட் பர்ன்ஸ் 1759ல் ஜனவரி 25 அன்று, நான் வேலை பார்க்கும் இதே ஏர்ஷையரில், அலோவே என்ற ஊரில் பிறந்தவர். அந்த நாளை ஒட்டி ஊர் ஊராக விருந்து நடக்கும். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்து வேகவைத்த ஹாகிஸை ஒருவர் தட்டில் ஏந்தி வர, முன்னால் பைப் வாசித்துக்கொண்டு இன்னொருவர் வருவார். பர்ன்ஸின் கவிதையை அந்த உணவுக்கு முன்னால் நின்று சொல்லி, கத்தியால் அதைக் கீறுவார்கள். பிறகு சாப்பாடு, பேச்சு, பாட்டு, நடனம். சர்ச் கூடங்களில்கூட நடக்கும். இதே பர்ன்ஸ் 1786ல், திருமணத்துக்கு முன்பே ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கியதற்காக மாக்லின் சபையில், சபையார் முன் எழுந்து நின்று கண்டனம் வாங்கிக்கொண்டவர். அன்று எழுந்து நிற்கவைத்த சபை, இன்று அவர் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துகிறது. சபைகள் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அறைக்கு வந்து வீட்டு நண்பரிடம் சொன்னேன். அவர் தஞ்சாவூர்க்காரர். இந்த மாதிரி ஆட்டபாட்டத்துக்கு இங்கே 'கேலி' என்று பெயர். எழுதும்போது ஏகப்பட்ட எழுத்துகள் போட்டாலும் உச்சரிப்பு கிட்டத்தட்ட அதுதான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கட்டம் போட்ட கைலி கட்டிக்கிட்டுக் கேலிக்குப் போறீங்க. கடைசில யாரு யாரைக் கேலி பண்ணப் போறாங்கன்னு பாத்துக்குங்க ப்ரோ." அன்றிரவு அம்மாவிடம் சொன்னபோது, "பாவாடையா கெட்டப் போற?" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

நண்பரின் கேலிதான் என்னைத் தொந்தரவு செய்தது. வெள்ளைக்காரன் ஒருவன் மேளம் கேட்டதும் பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு நம் கல்யாண வீட்டில் நின்றால் நாம் இரண்டு விதமாகச் சிரிப்போம். ஒன்று, 'பாரேன், நம்மளை மதிக்கிறான்' என்கிற சிரிப்பு. மற்றது, அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் வருவது. எனக்கு இரண்டுமே வேண்டாம் என்று தோன்றியது. மூன்று வருடமாக ஒரு ஊரில் இருக்கிறேன். அவர்களுடைய நோயாளிகளைக் குளிப்பாட்டுகிறேன், அவர்களுடைய சபையில் பாடுகிறேன். அதற்காக அவர்களுடைய உடை எனக்கு உரியதாகிவிடுமா? ஒரு உடை யாருடையது என்பதை எப்படித் தீர்மானிப்பது?

*

ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'கில்ட்டே ஒரு கட்டுக்கதை' என்று சொல்லிவிட்டால் போதும். எதுவும் யாருடையதும் இல்லை, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கட்டலாம். இதற்கு ஆதாரம் தேடினால் நிறையவே கிடைக்கும்.

ஹைலேண்ட் மலைக்காரர்கள் பழைய காலத்தில் கட்டியது இன்றைய கில்ட் அல்ல, 'பெரிய போர்வை' என்று சொல்லத்தக்க நீளமான கம்பளித் துணி. அதைக் கையால் கொசுவி, இடுப்பில் பெல்ட்டால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். மழையில் முக்காடு, இரவில் படுக்கை. தையல் கிடையாது, நம் வேட்டி, சேலையின் தூரத்துச் சொந்தம். இடுப்புக்குக் கீழே மட்டும் இருக்கிற குட்டைக் கில்ட்டை 1720களின் கடைசியில் தாமஸ் ராலின்சன் என்கிற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி, தன் தொழிலாளர்கள் வசதியாக வேலை செய்யட்டும் என்று கொண்டுவந்தார் என்று 1785ல் அச்சான ஒரு கடிதம் சொல்கிறது. ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பிடித்துக்கொண்டு, 1983ல் வெளிவந்த 'பாரம்பரியத்தின் கண்டுபிடிப்பு' என்ற தொகுப்பில் கில்ட்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். ராலின்சனுக்கு முன்பே குட்டைக் கில்ட் இருந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

குலத்துக்கொரு கட்டம் என்கிற நம்பிக்கையும் இப்படித்தான். 1842ல் இரண்டு சகோதரர்கள், பழைய சுவடியிலிருந்து எடுத்தது என்று சொல்லிக் குலங்களின் டார்டன் பட்டியல் ஒன்றை அச்சிட்டார்கள். சுவடி போலி. ஆனால் அதிலிருந்த பல கட்டங்கள் குலச்சொத்தாக நிலைத்துவிட்டன. அதற்கு இருபது வருடம் முன்பு, 1822ல், நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் என்கிற நாவலாசிரியர் ஊரையே டார்டனில் போர்த்தி வரவேற்றார். பருத்த மன்னரும் தோல் நிறக் காலுறையின் மேல் கில்ட் கட்டி நின்றார். அதே காலத்தில் சதர்லேண்ட் பக்கம் உண்மையான மலைக்குடிகள், ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று வீடுகளிலிருந்து விரட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். உடை அரண்மனைக்குப் போனது, அதைக் கட்டியவர்கள் கப்பலேறினார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏர்ஷையர் மலைநாடே அல்ல, தாழ்நிலம். தாழ்நிலத்தார் கண்ணில் கட்டம்போட்ட துணி வெகுகாலம் மாட்டுத் திருடனின் அடையாளம். 1678ல், அரசு சொல்கிற மாதிரி வழிபட மாட்டோம் என்று நின்ற இந்தப் பகுதி பிரஸ்பிட்டேரியன்களை அடக்க, ஆயிரக்கணக்கான ஹைலேண்ட் படையினரை அவர்கள் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். அவர்கள் தின்று தீர்த்து, கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்படிச் சூறையாடப்பட்டவர்களின் வாரிசுகள்தான் இன்று சர்ச் கூடத்தில் கில்ட் கட்டுகிறார்கள். என்னைக் கில்ட் கட்டச் சொன்ன அம்மாளின் முன்னோர்களுக்கே அது இரவல் உடை.

இங்கே நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாமே இரவல், ஆகவே எனக்கும் இரவல். ஆனால் ஒரு தேதி அந்த முடிவைக் கெடுத்துவிட்டது.

1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் போரில் ஹைலேண்ட் படை தோற்றது. அதே வருடம் லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் சிறுவனும் ஹைலேண்ட் உடை கட்டக்கூடாது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, ஜாமீன் கிடையாது. மறுமுறை பிடிபட்டால் ஏழு வருடம் கடல் கடத்தல். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அதாவது, அரசனுக்காகச் சாகப்போகிறவன் கட்டலாம், தன் வீட்டில் இருப்பவன் கட்டக்கூடாது. சட்டம் 1782 வரை இருந்தது.

கண்டுபிடித்தவர் ராலின்சனோ வேறு யாரோ, அது முக்கியமில்லை. ஒரு துணியைக் கட்டியதற்காக ஒருவன் சிறைக்குப் போயிருந்தால், அதற்குப் பிறகு அந்தத் துணி வெறும் துணி இல்லை. எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதற்காக யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் ஒரு உடைக்கு எடை சேர்க்கிறது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. வீட்டில் கேட்டுத் தெரிந்தது.

*

என் பாட்டி தோள்சீலைக் கலகத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவருக்கு அது அவருடைய பாட்டி சொன்ன கதை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்பது வழக்கம், வழக்கமே சட்டம். சபையில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் போட ஆரம்பித்தார்கள். சந்தையில் அது கிழிக்கப்பட்டது. சபைக் கட்டடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1820களில் ஒரு முறை, 1858ல் மறுபடியும் பெரிதாக. 1859 ஜூலை 26 அன்றுதான் ராஜாவின் அரசு எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்று அறிவித்தது.

அந்த அறிவிப்பின் வால்தான் முக்கியம். மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது. குப்பாயம் போடு, முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் மாதிரிக் கட்டு, எப்படியும் கட்டிக்கொள், எங்களைப்போல மட்டும் வேண்டாம்.

இந்தக் கதையில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரும் வருகிறார். ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் கம்பெனியின் ரெசிடென்ட், இடையில் சில வருடம் திவானும் அவரே. கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று முதலில் உத்தரவு போட்டவர். அவர் ஹைலேண்ட்ஸில், ராஸ்ஷையரில், டீனினிக் குடும்பத்தில் 1778ல் பிறந்தார். கில்ட் தடைச்சட்டம் அப்போது உயிரோடு இருந்தது. அது நீங்கியபோது அவருக்கு நான்கு வயது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நினைவிருக்க நியாயமில்லை. ஆனால் அவரைத் தூக்கி வளர்த்த பெரியவர்கள் எல்லோரும் அந்தத் தடைக்குள் வாழ்ந்தவர்கள்.

இதைப் படித்த இரவு எனக்கு ஒரு சின்ன வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. 'இதோ தொடர்பு, இதோ உரிமை' என்று மனசு சொன்னது. தடைசெய்யப்பட்ட துணியின் பேரன், தடைசெய்யப்பட்ட இன்னொரு துணியைக் கட்டுகிறான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்றோவின் உத்தரவும் 'உங்கள் ஆட்கள் வேறு மாதிரி உடுத்துங்கள்' என்பதாகத்தான் போய் முடிந்தது. நாயர் பெண்களைப்போல மேல்துணி போட அதில் இடமில்லை. சிரியன் கிறிஸ்தவர்களைப்போல, மாப்பிள்ளைப் பெண்களைப்போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். கொடுத்தது துணி, கூடவே ஒரு கோடும்.

*

சனிக்கிழமை மத்தியானம் அந்த அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டு வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். கட்டிலில் ஒரு கில்ட் விரித்து வைத்திருந்தது. "என் வீட்டுக்காரரோடது. நீ அவர் உயரந்தான். இடுப்பு கொஞ்சம் சின்னது, கொக்கியை இழுத்துப் போட்டா சரியாயிடும்." அவர் இறந்து ஐந்து வருடம். சபையில் மூப்பராக இருந்தவர்.

நான் அதைத் தூக்கியபோது எடை என்னை ஏமாற்றியது. நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜம் கம்பளி வேண்டும், கிட்டத்தட்ட ஏழு மீட்டர். முன்னால் தட்டையாக இரண்டு மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று வரும். கொசுவம் முழுக்கப் பின்னால். கொசுவத்தில் கட்டங்கள் சேதமாகாமல் ஒன்றோடொன்று பொருந்தும்படி கையால் தைத்திருந்தார்கள். தொப்புள் உயரத்தில் கட்ட வேண்டும், ஓரம் முழங்கால் நடுவில் நிற்க வேண்டும். நான் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மேல ஏத்து, மேல ஏத்து. அது ஜீன்ஸ் இல்ல." முன்னால் தொங்குகிற தோல்பையை மாட்டிவிட்டார். காலுறையில் செருகும் சின்னக் கத்தியை எடுத்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி பெட்டியில் வைத்துவிட்டார். "அது அவரோடயே இருக்கட்டும்."

பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம். ஆனால் தேசிய உடையின் பகுதியாக இருந்தாலோ, மதக் காரணத்துக்காக இருந்தாலோ அது தகுந்த காரணம் என்று அதே சட்டம் ஏற்றுக்கொள்கிறது. கில்ட்காரனின் கத்தியும் சீக்கியரின் கிர்பானும் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அந்த வாசகத்தை முதலில் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு சட்டம் துணியைத் தடுத்த ஊரில், இன்னொரு சட்டம் அடுத்தவனுக்கும் இடம் விட்டிருக்கிறது.

கூடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். நான் பயந்த அந்த இரண்டு சிரிப்பும் வரவில்லை. இரண்டு மூன்று பேர் வந்து கட்டத்தைப் பார்த்து, "இது அவரோடது இல்ல?" என்று கேட்டார்கள். ஒருவர் தோள்பட்டையில் தட்டி, ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று நான் அவர்களுக்கு இந்தியாக்காரனாகவும் தெரியவில்லை, ஸ்காட்லாந்துக்காரனாக நடிப்பவனாகவும் தெரியவில்லை. அவர்கள் பார்த்தது மூப்பரின் கில்ட்டை. அது மறுபடி கூடத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

சாப்பாடு தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை, முழங்காலில் சிமெண்ட் தூசி. என் கண் அவர் காலிலிருந்து தலைவரை போய், கூடத்தைச் சுற்றி, மறுபடி அவரிடம் வந்தது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார், ஒருவர் மசித்த உருளைக்கிழங்கை அவர் பக்கம் நகர்த்தினார். அந்தக் கூடத்தில் அவர் உடையைக் கவனித்த ஒரே ஆள் நான்தான் என்று புரிந்தபோது ஹாகிஸ் தொண்டையில் நின்றது.

*

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஊரே சேர்ந்து அரிசியும் காயும் கொடுத்து, பெரிய அண்டாக்களில் சமைத்து, சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஏழை பணக்காரன் இல்லாமல் ஒரே சோறு என்பதுதான் அதன் அர்த்தம். எனக்குப் பத்தொன்பது வயதில், வாலிபர் சங்கத்தின் சார்பில் பந்தல் வாசலில் நிற்கிற பொறுப்பு வந்தது. அந்த வருடம் கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள்: ஆண்கள் சாரம் கட்டிக்கொண்டு வரக்கூடாது. மற்ற ஊர்களில் கைலி, லுங்கி என்பதை எங்கள் ஊரில் சாரம் என்போம். கோயில் காரியம், மரியாதையாக வேட்டியோ பேன்ட்டோ போட்டுக்கொண்டு வரட்டும் என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு பெரியவர் வந்தார். கூலி வேலைக்காரர். நீலக் கட்டம் போட்ட சாரம், துவைத்து மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. வெள்ளைச் சட்டை. கையைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளை ஒன்று. அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மீதி புரியும். "அண்ணாச்சி, வேட்டி கெட்டிட்டு வாருங்களேன், கமிட்டில சொல்லியிருக்கு" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் சாரத்தைக் குனிந்து பார்த்தார். "சரி பிள்ளே" என்றார். பேரனைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. அன்று பந்தி மும்முரத்தில் நான் அவரை மறந்தும் போனேன்.

மார்பை மறைக்கத் துணி வேண்டுமென்று அடிபட்டவர்களின் வாரிசு நான். வேறொருவரின் துணியைப் பார்த்து அவரைத் திருப்பி அனுப்பினேன். அதைச் செய்ய எனக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. 'மரியாதை' என்கிற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

*

உடை விஷயத்தில் புதிய ஏற்பாடு இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறது. யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், பொன்மோதிரமும் மினுக்கான உடையுமாக ஒருவனும், அழுக்கு உடையோடு ஏழை ஒருவனும் சபைக்குள் வருகிறார்கள். முதலாமவனுக்கு நல்ல இடமும் இரண்டாமவனுக்குக் கால்மாட்டிலும் இடம் கொடுத்தால் நீங்கள் பாரபட்சம் பார்த்தவர்கள் என்கிறார் யாக்கோபு. தெளிவாக இருக்கிறது. ஆனால் மத்தேயு 22ல் இயேசு சொல்லும் உவமையில், ராஜா ஒருவர் தெருவில் போகிறவர்களையெல்லாம் கலியாண விருந்துக்குக் கூட்டி வரச் செய்கிறார். பிறகு உள்ளே வந்து பார்த்து, கலியாண வஸ்திரம் இல்லாத ஒருவனைக் கைகால் கட்டி வெளியே எறியச் சொல்கிறார். சின்ன வயதிலிருந்து இந்த உவமை எனக்குப் பிடித்ததில்லை. தெருவில் நடந்து போனவனைப் பிடித்து இழுத்து வந்துவிட்டு, 'ஏன் நல்ல துணி இல்லை' என்று கேட்டால் என்ன நியாயம்?

பிரசங்கிகள் இதற்குப் பழைய விளக்கம் ஒன்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் விருந்து வைக்கிறவரே வாசலில் உடை கொடுப்பார். இவன் கொடுத்ததை வாங்கிக் கட்ட மறுத்தவன். இது சரித்திரமா, சமாதானமா என்பதை விட்டுவிடுகிறேன். இந்த விளக்கம் இல்லாமல் அந்தக் கதை நிற்காது என்று கதை சொன்னவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அவர்கள் மனசாட்சி சொன்னது இதுதான்: உடை கேட்கிற வீடு உடை கொடுக்கவும் வேண்டும். கொடுக்காமல் கேட்டால் அது விருந்து இல்லை, சுங்கச்சாவடி.

அந்த அம்மாள் என்னிடம் உடை கேட்டார், உடையும் கொடுத்தார். நான் அந்தப் பெரியவரிடம் உடை கேட்டேன். என் வீடு பந்தலிலிருந்து நூறு அடி தூரம். கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் கொடுத்தால் மட்டும் போதுமா? திருவிதாங்கூர் ராஜாவும் மன்றோவும் 'கொடுத்தார்கள்'. கொடுத்தது வேறு துணி. 'இது உனக்கு' என்று கொடுப்பதில் 'அது எனக்கு' என்பதும் அடங்கியிருக்கிறது. நான் அன்று என் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வந்து அந்தப் பெரியவரிடம் நீட்டியிருந்தால்கூட அது இன்னொரு அவமானமாக ஆகியிருக்கலாம். அந்த அம்மாள் கொடுத்தது தன் கணவர் கட்டியதை. விருந்தாளிக்கென்று தனியாக வாடகைக்கு எடுத்ததை அல்ல. நான் கண்டுகொண்ட அளவுகோல் இவ்வளவுதான்: கொடுக்கிற உடை, கொடுப்பவர் தானே கட்டுகிற உடையா?

இந்த அளவுகோலுக்கு எதிராக ஒன்று சொல்லலாம், நானே சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்துச் சபை 1950களில் பதின்மூன்று லட்சம் உறுப்பினர்களோடு இருந்தது. இன்று மூன்று லட்சத்துக்கும் கீழே. கோயில் கட்டடங்கள் விற்பனைக்கு வருகின்றன. எங்கள் கூடத்திலேயே என் வயதில் நான்கு பேர்தான். ஆள் இல்லாத வீட்டில் விருந்தாளிக்கு மரியாதை கிடைக்காமல் என்ன? மூப்பரின் கில்ட்டைக் கட்ட அவர்களுக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது, அது நானாக இருந்தேன். நிரம்பி வழியும் பந்தலில்தான் வாசல்காரன் தேவைப்படுகிறான்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் காலியாகிற வீடுகள் எல்லாம் கதவைத் திறப்பதில்லை. பூட்டிக்கொண்டு கடைசி ஆளோடு சாகிறவையும் உண்டு. இல்லாமையில் கொடுப்பதற்கும் ஒரு மனசு வேண்டும்.

வாங்கிக்கொள்கிறவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நைஜீரியாவில், நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் தலைமுறைகளாக நம் பக்கத்துக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை வாங்கிக் கட்டுகிறார்கள். அவர்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். வாங்கியதை அப்படியே கட்டுவதோடு நிற்பதில்லை. பிளேடால் சில நூல்களை மட்டும் அறுத்து உருவி, துணியிலேயே புதிய வடிவங்களைக் கொண்டுவருகிறார்கள். அந்தத் துணி அங்கே சாவுச் சடங்கிலும் குடும்பச் சடங்குகளிலும் வைக்கப்படுகிறது. நம் தறியில் பிறந்தது என்பதற்காக அதை இன்று யாரும் நம்முடையது என்று கேட்க முடியாது. உழைப்பும் சாவும் ஏறிய துணி, ஏற்றியவர்களுடையது. நான் செய்யக்கூடியது அவ்வளவு இல்லை. சரியான உயரத்தில் கட்ட வேண்டும், கொசுவம் கசங்காமல் உட்கார வேண்டும். அது யாருடையது என்று கேட்டவர்களுக்கு அவர் பெயரைச் சொல்ல வேண்டும். கேலியில் 'ஸ்ட்ரிப் தி வில்லோ' ஆடும்போது திசை தவறி, வரிசையில் யார் மேலோ மோதி, மூச்சு வாங்கச் சிரித்தபோதும் ஒரு கை பின்கொசுவத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

*

திங்கட்கிழமை கில்ட்டை உலர்சலவைக்குக் கொடுத்து வாங்கி, உறையோடு எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் கதவருகில் வைத்தே, "அடுத்த வருஷம் எதைக் கட்டுவ?" என்று கேட்டார். திருப்பி எடுத்து வந்தேன். இப்போது என் அலமாரியில், நான் வீட்டில் கட்டுகிற நீலச் சாரத்தின் பக்கத்தில் தொங்குகிறது. இரண்டுமே கட்டம் போட்டவை.

அந்த வாரம் அம்மாவிடம் பேசும்போது அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். என்ன சொல்வேன் என்று தெரியாது, ஆனாலும் பார்க்கலாம் என்று.

"அவரு செத்து நாலு வருஷம் ஆச்சே" என்றாள் அம்மா. பிறகு, "அந்த அசனத்துக்குப் பொறவு அவங்க வீட்டுல யாரும் நம்ம கோயிலுக்கு வரல்ல. ரோட்டடியில உள்ள ஜெபவீட்டுக்குப் போறாவ. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. பதினொரு வருடமாகத் தெரியாது.

அந்தப் பேரனுக்கு இப்போது பதினாறு பதினேழு வயது இருக்கும். பந்தல் வாசலில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என் முகம் நினைவிருக்கும்.